டர்பனிலிருந்து முதல் ஆய்வுக் கட்டுரை அனுப்புகிறவர்களுக்கு

என் முதல் கட்டுரை நான்கே நாளில் திரும்பி வந்தது. சிறு கடைகளில் எந்தச் சரக்கு எப்போது தீரும் என்று முன்கூட்டியே கணிக்கும் ஒரு நிரலை எழுதி, அது எவ்வளவு சரியாகக் கணிக்கிறது என்று நாலைந்து அட்டவணை போட்டு, தகவல் தொழில்நுட்ப மேலாண்மை ஜர்னல் ஒன்றுக்கு அனுப்பியிருந்தேன். எடிட்டர் அதை ரிவியூவருக்கே, அதாவது கட்டுரையை மதிப்பிடும் சக ஆய்வாளருக்கே, அனுப்பவில்லை. பதிலில் இரண்டே வரி: இதைப் படித்துவிட்டு ஒரு மேலாளர் என்ன முடிவெடுப்பார் என்று கட்டுரையில் எங்கும் இல்லை, எனவே எங்கள் இதழுக்குப் பொருந்தாது. கோபம் வந்தது. கட்டுரையைத் திறந்து தேடிப் பார்த்தேன். ‘கடைக்காரர்’ என்ற சொல் முன்னுரையில் ஒருமுறை வந்ததோடு சரி.

அதற்கப்புறம் பல கட்டுரைகள் அனுப்பியாகிவிட்டது. இப்போது பிறருடைய கட்டுரைகளுக்கு ரிவியூவும் எழுதுகிறேன். மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் இங்கே படிக்க வருகிற தம்பி தங்கைகள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால், வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொல்வதை விட்டு இங்கே சேர்த்து எழுதுகிறேன். எடிட்டர் எனக்கு எழுதிய அந்தக் கேள்வியை மட்டும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்: யார், என்ன முடிவு எடுப்பார்? கீழே பல இடங்களில் அது திரும்ப வரும்.

முதலில் ஜர்னல், அப்புறம் கட்டுரை

பலர் ஆய்வேட்டை முடித்து, அதிலிருந்து ஒரு அத்தியாயத்தை வெட்டியெடுத்து, பிறகு அதற்கு ஜர்னல் தேடுகிறார்கள். அளவெடுக்காமல் சட்டை தைத்துவிட்டு, யாருக்குப் பொருந்தும் என்று தெருத்தெருவாகப் போகிற கதை அது. எழுதத் தொடங்கும் முன்பே இரண்டு மூன்று ஜர்னல்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் துறையில் பெயர்கள் எல்லாம் ஒன்றுபோலவே ஒலிப்பதால் குழப்பம் அதிகம். ஒரே விஷயத்தை வைத்துப் பார்ப்போம்: டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி மசாலாக் கடைகளில் பில் போடும் மென்பொருள். அந்த மென்பொருளின் தேடல் வேகத்தைக் கூட்டினால் அது கணினி அறிவியல். கடையில் நிற்பவர்கள் அதை ஏன் ஏற்றார்கள், ஏன் சில மாதத்தில் பழைய நோட்டுக்கே திரும்பினார்கள் என்று கேட்டால் தகவல் அமைப்புகள். அதில் சேரும் விற்பனை விவரத்தை யார் வைத்திருக்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது தகவல் மேலாண்மை. வாங்குவதா மாத வாடகைக்கு எடுப்பதா, எவ்வளவு செலவழிப்பது, மின்சாரம் போனால் யார் பொறுப்பு, எந்த விற்பனையாளரை நம்புவது என்பவை ஐடி மேலாண்மை. இந்த எல்லைகள் கோடு போட்டதுபோல் இருக்காது. ஆனாலும் முதல் பக்கத்தைப் படித்ததும் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று எடிட்டருக்குத் தெரிந்துவிடும்.

தென்னாப்பிரிக்காவிலேயே பார்க்க வேண்டியவை இரண்டு. 1999-இல் தொடங்கிய சவுத் ஆப்பிரிக்கன் ஜர்னல் ஆஃப் இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட். இங்கே சுருக்கமாக ‘சாஜிம்’ என்பார்கள். ஏஓசிஸ் நிறுவனம் வெளியிடுகிறது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். இன்னொன்று சவுத் ஆப்பிரிக்கன் கம்ப்யூட்டர் ஜர்னல். அதில் கணினி அறிவியலும் தகவல் அமைப்புகளும் இரண்டும் வரும். நாட்டுக்கு வெளியே என்றால், வளரும் நாடுகளின் தகவல் அமைப்புகளுக்கென்றே வைலி வெளியிடும் எலக்ட்ரானிக் ஜர்னல் ஒன்று உண்டு. நம் ஊர்ச் சூழலை அங்கே புதிதாக விளக்க வேண்டியிருக்காது.

ஒரு ஜர்னல் பொருந்துமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி: அதன் கடந்த இரண்டு வருட இதழ்களின் தலைப்புகளையும் சுருக்கங்களையும் ஒரு மாலை உட்கார்ந்து படித்துவிடுங்கள். பிறகு உங்கள் மேற்கோள் பட்டியலைப் பாருங்கள். அந்த ஜர்னலில் வந்த கட்டுரை ஒன்றுகூட அதில் இல்லையென்றால், அவர்கள் பேசிக்கொண்டிருக்கும் பேச்சில் நீங்கள் இன்னும் கலந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். அதற்காக எடிட்டரின் கட்டுரைகளைத் தேடிப்பிடித்து ஒட்டவைக்காதீர்கள். அது பளிச்சென்று தெரியும்.

பட்டியலும் பணமும்

ஊரில் 2025 வரை இருந்த யூஜிசி கேர் என்ற ஜர்னல் பட்டியலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிது. இங்கே உயர்கல்வி, பயிற்சித் துறை ஏற்ற ஜர்னல்களில் வந்தால்தான் பல்கலைக்கழகத்துக்கு மானியம் கிடைக்கும். துறையின் பெயரை யாரும் முழுதாகச் சொல்வதில்லை, எல்லோருக்கும் அது ‘டிஹெச்இடி’தான். வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோபஸ், ஐபிஎஸ்எஸ், சைலோ தென்னாப்பிரிக்கா, நார்வே பட்டியல், டிஓஏஜே ஆகிய ஜர்னல் பட்டியல்களோடு துறையின் சொந்தப் பட்டியலும் சேர்ந்ததுதான் அங்கீகரிக்கப்பட்ட தொகுப்பு. வருடா வருடம் இதில் சில உள்ளே வரும், சில வெளியே போகும். போன வருடம் இருந்தது என்ற பேச்சு உதவாது. பல்கலைக்கழக நூலகரிடம் அந்த வருடத்துப் பட்டியலை எக்செல் கோப்பாகவே கேட்டு வாங்குங்கள். பெயரை நம்பாமல், ஒவ்வொரு ஜர்னலுக்கும் உரிய ஐஎஸ்எஸ்என் எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று ஜர்னல்கள் இருக்கும்.

மானியம் ஒரு கட்டுரைக்கு ஒரு அலகு என்று கணக்கு. நான்கு ஆசிரியர்கள், அதில் இருவர் வேறு பல்கலைக்கழகம் என்றால் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு அரை அலகு. ஒரு அலகின் மதிப்பு வருடத்துக்கு வருடம் மாறினாலும் லட்சம் ரேண்டைத் தாண்டிய தொகை அது. பணம் உங்கள் கைக்கு வராது, பல்கலைக்கழகத்துக்குப் போகும். சில இடங்களில் ஒரு பகுதியை உங்கள் ஆய்வுக் கணக்கில் போடுவார்கள். சூப்பர்வைசர் ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறார் என்று இப்போது புரிந்திருக்கும்.

இந்தப் பணமே ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. 2005 முதல் 2014 வரையான பத்து வருடத்தில் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்களின் ஏறத்தாழ நாலாயிரம் கட்டுரைகள் போலி ஜர்னல்களிலோ அப்படிச் சந்தேகிக்கத்தக்கவற்றிலோ வந்திருக்கின்றன என்று யோஹான் மவுட்டனும் ஆஸ்ட்ரிட் வாலன்டைனும் 2017-இல் சவுத் ஆப்பிரிக்கன் ஜர்னல் ஆஃப் சயின்ஸில் எழுதினார்கள். அவற்றில் பல அன்றைக்குப் பட்டியலிலேயே இருந்தவை. ஆகவே பட்டியல் போதாது, கண்ணும் வேண்டும். “மாண்புமிகு பேராசிரியர் அவர்களே, தங்களின் மகத்தான ஆய்வைக் கண்டு வியந்தோம்” என்று, முதல் வருட மாணவனுக்கு மெயில் வந்தால் அதை அழித்துவிடுங்கள். ஒரு வாரத்தில் ரிவியூ முடியும் என்று வாக்குறுதி, பல் மருத்துவமும் சைபர் பாதுகாப்பும் ஒரே இதழில், வெளியிட நாம் கட்டும் கட்டணம் எவ்வளவு என்பது கட்டுரை ஏற்கப்பட்ட பிறகுதான் தெரியும் என்ற நிலை: இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் நான் அந்தப் பக்கம் போவதில்லை. எடிட்டர் குழுவில் உள்ள ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அங்கே அவர் அந்த ஜர்னலின் பெயரைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பார்ப்பதும் என் வழக்கம். ஐந்து நிமிட வேலை.

அனுமதிக் கடிதங்கள்

இதில் இடறி விழுந்தவர்கள் நிறைய, ஏனென்றால் பின்னால் போய்ச் சரிசெய்ய முடியாத ஒரே இடம் இதுதான். மனிதர்களிடம் கேள்வித்தாளோ நேர்காணலோ நடத்துவதாக இருந்தால், முதல் கேள்வியைக் கேட்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் கையில் இருக்க வேண்டும். தரவைத் திரட்டிவிட்டு அனுமதி கேட்டால் குழு தராது. அனுமதி எண் இல்லாத கட்டுரையை நல்ல ஜர்னல் தொடாது.

அதோடு இன்னொன்று: கேட்கீப்பர் கடிதம். நீங்கள் ஆய்வு செய்யும் நிறுவனத்தின் பொறுப்பாளர், ‘எங்கள் ஆட்களிடம் பேசலாம்’ என்று லெட்டர்ஹெட்டில் எழுதித் தருவது. சாட்ஸ்வர்த் கடைக்காரரிடம் லெட்டர்ஹெட் எங்கே இருக்கும்? பில் புத்தகத்தின் ஒரு தாளைக் கிழித்து, கடை முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் ஒருவர். நெறிமுறைக் குழு அதை ஏற்றுக்கொண்டது. இப்படி ஏற்பார்களா என்று முன்கூட்டியே குழு அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ‘போப்பியா’ 2013-இல் நிறைவேறி, 2021 ஜூலை 1 முதல் முழுதாகக் கட்டாயமானது. நம் துறையில் வாடிக்கையாளர் பதிவுகள், சர்வர் லாகுகள், பணியாளர் மெயில்கள் என்று எதை எடுத்தாலும் அதில் யாரோ ஒருவரின் விவரம் இருக்கும். பெயர்களை எங்கே நீக்கினீர்கள், தரவு எங்கே இருக்கிறது, எப்போது அழிப்பீர்கள் என்பதை ஆய்வுமுறைப் பகுதியில் மூன்று வாக்கியமாவது எழுதுங்கள். தகவல் மேலாண்மையைப் பற்றி எழுதுகிறவர் தன் தகவலையே எப்படி மேலாண்மை செய்தார் என்று சொல்லாமல் விட்டால் ரிவியூவருக்குச் சிரிப்பு வரும்.

எழுதும்போது

தலைப்பிலிருந்து தொடங்கலாம். கட்டுரை ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆனால் இங்கே தமிழிலேயே சொல்கிறேன். ஒரு தங்கை கொண்டுவந்த தலைப்பு: ‘சிறு வணிகங்களில் கிளவுட் கம்ப்யூட்டிங்: ஓர் ஆய்வு’. இதில் எந்த ஊர், எந்த வணிகம், என்ன கேள்வி, எதுவும் இல்லை. அவரிடமே, “சரி, உன் ஆய்வைப் படித்துவிட்டு யார் என்ன செய்வார்?” என்று கேட்டேன். சற்று யோசித்து, “லோட்ஷெடிங் நேரத்தில் கிளவுட் பில்லிங்கை வைத்துக்கொள்வதா விடுவதா என்று கடை முதலாளி முடிவெடுப்பார் அண்ணா” என்றார். தலைப்பு கிடைத்துவிட்டது: ‘மின்வெட்டுக் காலத்தில் கிளவுட் பில்லிங்கைத் தொடர்வதும் கைவிடுவதும்: டர்பன் சில்லறைக் கடை முதலாளிகளின் முடிவுகள்’. நீளம்தான். ஆனால் எடிட்டருக்கு இது யாருக்கான கட்டுரை என்று தலைப்பிலேயே தெரிந்துவிடும்.

சுருக்கத்தை அந்தந்த ஜர்னலின் அச்சில் வார்க்க வேண்டும். ஏஓசிஸ் ஜர்னல்கள் பின்னணி, நோக்கம், முறை, முடிவுகள், முடிவுரை, பங்களிப்பு என்று தனித்தனித் தலைப்பிட்டுக் கேட்கும். மற்ற சில ஜர்னல்கள் ஒரே பத்தியாகக் கேட்கும். புதியவர்கள் பின்னணிக்கே பாதி இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். ‘இன்றைய டிஜிட்டல் உலகில்’ என்று தொடங்கும் சுருக்கத்தை மாதத்துக்கு இரண்டு மூன்றாவது பார்க்கிறேன். அந்த வாக்கியத்தை அடித்துவிட்டால் எதுவும் குறையாது. கண்டுபிடித்ததை எண்ணோடு சொல்லுங்கள். பங்களிப்பில் அந்த மேலாளரைக் கொண்டுவாருங்கள்.

கோட்பாடு பற்றி ஒரு மனக்குறை. ஃபிரெட் டேவிஸ் 1989-இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரியையும், 2003-இல் வெங்கடேஷும் சகாக்களும் தந்த யூடாட் மாதிரியையும் எடுத்து, தொழில்நுட்பத்தின் பெயரை மட்டும் மாற்றி, ‘பயனுள்ளதாக நினைப்பவர்கள் பயன்படுத்துகிறார்கள்’ என்று முடிக்கும் கட்டுரைகள் மலைபோல் குவிந்துவிட்டன. அவை மோசமான மாதிரிகள் இல்லை. ஆனால் அவை பேசுவது தனிமனிதர் ஏற்பதைப் பற்றி. ஐடி மேலாண்மை ஜர்னலுக்கு வேண்டியது பெரும்பாலும் நிறுவனம் முடிவெடுப்பதைப் பற்றி. அதற்குத் தொழில்நுட்பம், அமைப்பு, சூழல் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் 1990-ஆம் வருடத்து டிஓஇ சட்டகம் கூடுதலாகப் பொருந்தும். தென்னாப்பிரிக்க நிறுவனங்களைப் பற்றி எழுதினால், நிறுவனங்களை ஆளும் முறைக்கான நெறித் தொகுப்பாக 2016-இல் வந்த கிங் 4 அறிக்கையைத் தொடாமல் போகாதீர்கள் (2025-இல் அடுத்ததாக கிங் 5 வந்துவிட்டது, அதையும் பாருங்கள்). கிங் 4-இன் 12-ஆம் கொள்கையே தகவலையும் தொழில்நுட்பத்தையும் நிறுவனத்தின் ஆளும் குழு எப்படி நிர்வகிக்க வேண்டும் என்பதுதான். ‘யார் முடிவெடுக்கிறார்’ என்ற கேள்விக்கு இந்த ஊரிலேயே எழுதி வைத்த பதில் இருக்கும்போது வெளிநாட்டுச் சட்டகத்தை மட்டும் பிடித்துத் தொங்குவானேன்?

அடுத்தது, எத்தனை பேரைக் கேட்பது என்பது: 384. கிரெய்சியும் மார்கனும் 1970-இல் போட்ட அட்டவணையில், பத்து லட்சம் பேர் கொண்ட கூட்டத்துக்கு 384 பேரைக் கேட்டால் போதும் என்று இருக்கும். அந்த எண் இன்று ஒரு மந்திரமாகிவிட்டது. எல்லோரும் 384 என்று எழுதுகிறார்கள். அட்டவணை குலுக்கல் முறையில் எடுத்த மாதிரிக்குத்தான் செல்லும். தெரிந்தவர்கள் குழுவில் கூகுள் ஃபார்ம் இணைப்பைப் போட்டு 384 பேரைச் சேர்த்தால் அந்தக் கணக்கு அங்கே பொருந்தாது. இருபத்திரண்டு கடை முதலாளிகளிடம் நன்றாகப் பேசி, ஏன் இருபத்திரண்டோடு நிறுத்தினேன் என்று விளக்கி எழுதிய கட்டுரையை நான் மகிழ்ச்சியாகப் படிப்பேன்.

மேற்கோள் முறை ஹார்வர்டா, ஏபிஏவா என்பதை ஜர்னலின் பக்கம் சொல்லும். மேற்கோள்களைச் சேமிக்கும் மென்பொருளான சோடேரோ அல்லது மெண்டலேயில் முதல் நாளிலிருந்தே சேர்த்து வாருங்கள், அவ்வளவுதான். மொழியைச் செம்மைப்படுத்த செயற்கை நுண்ணறிவுக் கருவி பயன்படுத்தியிருந்தால் ஜர்னல் கேட்கும் இடத்தில் சொல்லிவிடுங்கள். அதை ஆசிரியராகச் சேர்க்க முடியாது என்பதில் பதிப்பு நெறிமுறைக் குழுவான ‘கோப்’ உறுதியாக இருக்கிறது. அது தரும் மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். இல்லாத கட்டுரையை இருப்பதாகச் சொல்லும்.

உங்கள் பெயர் என்ன?

தமிழர் பலருக்கு வரும் தலைவலி இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகப் போயிருக்கும். ஆகவே உங்கள் கட்டுரையை அப்பா பெயரில்தான் உலகம் மேற்கோள் காட்டும். ஊரில் வெளியிட்ட கட்டுரையில் முன்னெழுத்தோடு ஒரு பெயர், இங்கே பாஸ்போர்ட்டின்படி இன்னொரு பெயர், மாநாட்டுத் தொகுப்பில் மூன்றாவது என்று ஆகிவிட்டால், ஸ்கோபஸ் உங்களை மூன்று ஆளாகப் பிரித்துவிடும்.

இந்த ஊர்த் தமிழர்களுக்குத் தலைகீழான சிக்கல். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பெயர்களை அதிகாரிகள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டதில், முதலி மூட்லி ஆனார், கவுண்டர் கோவெண்டர் ஆனார். அந்தப் பட்டங்களே இன்று குடும்பப் பெயர்கள். பி. நாயுடூ என்று தேடினால் கணக்கில்லாமல் வரும். பல் மருத்துவர், வழக்கறிஞர், நெட்வொர்க் ஆய்வாளர் எல்லோரும் அதில் கலந்திருப்பார்கள்.

இரண்டு தரப்புக்கும் மருந்து ஒன்றே: ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமான ஆர்கிட் எண். பதினாறு இலக்கம், சிலருக்குக் கடைசியில் எக்ஸ் என்று இருக்கும், இலவசம். இன்றே எடுத்துவிட்டு, இனி எல்லாக் கட்டுரையிலும் ஒரே பெயர் வடிவம்தான் என்று முடிவு செய்யுங்கள். பழைய பெயர் வடிவங்களை ஆர்கிட் பக்கத்தில் ‘வேறு பெயர்கள்’ என்ற இடத்தில் சேர்த்துவிடலாம்.

ஆசிரியர் வரிசையையும் எழுதத் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். வயதில் பெரியவரிடம் இதைக் கேட்க நமக்கு வாய் வராது. “சார், மாணவர் பெயர் முதலில் வருவதுதான் இங்கே வழக்கமா?” என்று விசாரிப்பதுபோல் கேட்டால் சங்கடம் இல்லை. பதில் மெயிலில் இருக்கட்டும்.

பதிவேற்றும் நாள்

கட்டுரை தயார். உடனே அனுப்பிவிடாதீர்கள். ரிவியூ இருபக்கமும் பெயர் தெரியாமல் நடப்பது என்றால், கோப்பில் உங்கள் சுவடு எதுவும் இருக்கக் கூடாது. பெயரை நீக்கியிருப்பீர்கள், சரி. வேர்டில் ஃபைல், இன்ஃபோ, இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் என்று போய்ப் பாருங்கள். கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர், ஓரத்தில் சூப்பர்வைசரின் பழைய குறிப்பு, ட்ராக் சேஞ்சஸில் நண்பரின் பெயர் எல்லாம் ஒளிந்திருக்கும். ‘எங்கள் முந்தைய ஆய்வில்’ என்ற சொற்றொடரும், நன்றியுரையும், நெறிமுறை அனுமதியில் வரும் பல்கலைக்கழகப் பெயரும்கூடக் காட்டிக்கொடுக்கும். பெயர் விவரமெல்லாம் தனியாக முகப்புப் பக்கக் கோப்பில் போகும்.

பல ஜர்னல்கள் ஓஜேஎஸ் என்ற இலவசத் தளத்தில் இயங்குகின்றன. பெரிய பதிப்பகங்கள் ஸ்காலர்ஒன், எடிட்டோரியல் மேனேஜர் வைத்திருக்கும். எல்லாவற்றிலும் வரிசை ஏறத்தாழ ஒன்றுதான்: கணக்கு தொடங்கு, நிபந்தனைப் பெட்டிகளை டிக் செய், கோப்பை ஏற்று, விவரங்களை நிரப்பு, உறுதி செய். டிக் பெட்டிகளைப் படிக்காமல் அழுத்துகிறவர்கள் அதிகம். அதில் ஒன்று, இந்தக் கட்டுரை வேறெங்கும் பரிசீலனையில் இல்லை என்று நீங்கள் தரும் வாக்கு. ஒரே நேரத்தில் இரண்டு ஜர்னலுக்கு அனுப்பினால் மாட்டிக்கொள்வீர்கள். நம் துறையில் ரிவியூவர்கள் கொஞ்சம் பேர்தான், இரண்டும் ஒரே ஆளிடம் போய்ச் சேரும். எனக்கே அப்படி ஒருமுறை வந்திருக்கிறது.

விவரங்கள் பக்கத்தில் எல்லா ஆசிரியர்களையும் கட்டுரையில் உள்ள அதே வரிசையில் சேருங்கள். ஒருவரை விட்டுவிட்டால் பிடிஎஃப்பில் நான்கு பெயரும் குறியீட்டுத் தளங்களில் மூன்றும் வரும்; மானியக் கணக்கிலும் குழப்பம்.

எடிட்டருக்கான கடிதம் அரைப் பக்கம் போதும். தலைப்பு, என்ன கேள்வி, என்ன கிடைத்தது, உங்கள் வாசகர்களுக்கு ஏன், வேறெங்கும் அனுப்பவில்லை. ‘உங்கள் வாசகர்களுக்கு ஏன்’ என்ற அந்த வாக்கியத்துக்கு மட்டும் அரை மணி நேரம் செலவழியுங்கள். சுருக்கத்தை அப்படியே ஒட்டுவதால் பயனில்லை.

மின்சாரத்தையும் சொல்லியாக வேண்டும். 2023-இல் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை வெட்டிய காலத்தில், மூன்றாவது பக்கத்தில் இருக்கும்போது வைஃபை போய், நிரப்பியதெல்லாம் அழிந்து, மறுபடி முதலிலிருந்து நிரப்பினேன். இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. இருந்தாலும் சுருக்கம், திறவுச்சொற்கள், ஆசிரியர் விவரம், ரிவியூவர் பரிந்துரை எல்லாவற்றையும் ஒரு நோட்பேட் கோப்பில் முன்பே எழுதி வைத்துக்கொண்டு, பதிவேற்றும்போது ஒட்டுவதையே இன்றும் செய்கிறேன். சிறப்பிதழின் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். தளத்தின் கடிகாரம் எந்த நாட்டு நேரத்தில் ஓடுகிறது என்பதையும் பாருங்கள்.

காத்திருப்பு

எடிட்டர் மேசையிலேயே திருப்புவதானால் சில நாளிலோ சில வாரத்திலோ தெரிந்துவிடும். ரிவியூவுக்குப் போனால் மூன்றிலிருந்து ஆறு மாதம் சாதாரணம். மூன்று மாதம் தாண்டினால் கட்டுரை எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு வரி மரியாதையாகக் கேட்கலாம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை இந்த நாட்டில் எதுவும் அசையாது. பல்கலைக்கழகமே பூட்டிக் கிடக்கும், வெஸ்ட்வில் வளாகத்தில் குரங்குகள்தான் இருக்கும். டிசம்பர் 10-ஆம் தேதி அனுப்பிவிட்டுப் பொங்கலுக்குப் பதில் எதிர்பார்க்காதீர்கள்.

பதில் எழுதும் கலை

‘மேஜர் ரிவிஷன்’ (பெரிய திருத்தம் தேவை) என்று வந்தால் பலர் ரிஜெக்ட் ஆகிவிட்டதாக நினைத்து ஒரு வாரம் மெயிலையே திறப்பதில்லை. அது நல்ல செய்தி. உழைக்கத் தயாரென்றால் எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். அன்றைக்குப் படித்துவிட்டு மூடுங்கள். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் பாதிக் குறிப்புகள் நியாயமாகவே தெரியும்.

மூன்று கட்டம் போட்ட அட்டவணை ஒன்று தயாரியுங்கள். முதல் கட்டத்தில் ரிவியூவரின் சொற்கள் அப்படியே, வெட்டாமல். இரண்டாவதில் உங்கள் பதில். மூன்றாவதில் மாற்றம் எந்தப் பக்கம், எந்த வரி. அந்தத் தங்கையின் கட்டுரைக்கு வந்த ஒரு குறிப்பு இது:

“இருபத்திரண்டு கடைகளை வைத்துப் பொதுமைப்படுத்த முடியாது. மாதிரி அளவைக் கூட்ட வேண்டும்.”

அவர் முதலில் எழுதியது: “கருத்துக்கு நன்றி. ஆனால் பண்புசார் ஆய்வுகளில் இந்த அளவு ஏற்கத்தக்கதே.” வாதாடுகிறார், கட்டுரையில் எதுவும் மாறவில்லை. சேர்ந்து உட்கார்ந்து மாற்றி எழுதினோம்: “டர்பனில் உள்ள எல்லாக் கடைகளுக்கும் இது பொருந்தும் என்று சொல்வது எங்கள் நோக்கமல்ல, முந்தைய வடிவம் அப்படித் தோன்றும்படி இருந்ததை ஏற்கிறோம். 14-ஆம் பக்கத்தில் ‘சில்லறைக் கடைகள்’ என்றிருந்ததை ‘ஆய்வில் பங்கேற்ற கடைகள்’ என்று மாற்றியுள்ளோம். பத்தொன்பதாவது நேர்காணலுக்குப் பிறகு புதிய காரணம் எதுவும் வராததால் மேலும் மூன்று கடைகளோடு உறுதிசெய்து நிறுத்தினோம். இதை 8-ஆம் பக்கத்தில் விளக்கியுள்ளோம். கைவிட்ட முதலாளிக்கும் தொடர்ந்த முதலாளிக்கும் இடையே முடிவு எங்கே பிரிந்தது என்பதை 5-ஆம் அட்டவணையில் புதிதாகச் சேர்த்துள்ளோம்.” ரிவியூவர் கேட்டதை அவர் செய்யவில்லை. ஆனால் ரிவியூவரின் சந்தேகம் தீர்ந்துவிட்டது. இரண்டாம் சுற்றில் அந்தக் குறிப்பே வரவில்லை.

இரண்டு ரிவியூவர்கள் எதிரெதிராகச் சொன்னால் நீங்களே ஒரு பக்கம் சாய வேண்டாம். எடிட்டருக்கு எழுதி, நான் இப்படிச் செய்ய நினைக்கிறேன், சரியா என்று கேளுங்கள். சூப்பர்வைசரைத் தாண்டி நேராக எழுதலாமா என்று தயங்குகிறார்கள்; ஜர்னலோடு கடிதத் தொடர்பு வைக்கும் ‘தொடர்பு ஆசிரியர்’ நீங்கள் என்றால் அது உங்கள் வேலைதான், அவருக்கு ஒரு நகல் போட்டால் போதும்.

ரிஜெக்ட் ஆனால் அடுத்த ஜர்னலுக்கு அன்றிரவே அனுப்பாதீர்கள். வந்த குறிப்புகளில் உருப்படியானதைச் சரிசெய்து, புதிய ஜர்னலின் அச்சுக்கு மாற்றி அனுப்புங்கள். பழைய ஜர்னலின் பெயர் கடிதத்தில் அப்படியே கிடப்பதை எடிட்டர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

ஏற்றுக்கொண்ட பிறகு

வெளியீட்டுக் கட்டணம் இருந்தால் அது எவ்வளவு என்று அனுப்பும் முன்பே பார்த்திருப்பீர்கள். சொந்தப் பையிலிருந்து கட்டுவதற்கு முன் நூலகத்தில் விசாரியுங்கள். பல பல்கலைக்கழகங்கள் இதற்கென நிதி வைத்திருக்கின்றன. சான்லிக் என்ற நூலகக் கூட்டமைப்பு சில பெரிய பதிப்பகங்களோடு செய்துள்ள ஒப்பந்தத்தின்படி, தொடர்பு ஆசிரியர் இங்குள்ள உறுப்பு நிறுவனத்தைச் சேர்ந்தவரானால் கட்டணமே இருக்காது. அதனால்தான் ஜிமெயில் முகவரியில் அனுப்பாதீர்கள், பல்கலைக்கழக முகவரியில் அனுப்புங்கள் என்கிறேன்.

வெளியாகும் முன் சரிபார்க்க அச்சுப்படி வரும்போது பெரும்பாலும் 48 மணி நேரம்தான் தருவார்கள். பெயர், பெயர் வரிசை, பல்கலைக்கழகத்தின் பெயர், ஆர்கிட், அனுமதி எண், அட்டவணை எண்கள், இந்த வரிசையில் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் விட்டுப்போயிருந்தால் மானியம் கிடையாது. ஊரில் உள்ள பழைய கல்லூரியின் பெயரையும் சேர்த்துப் போட்டால் உங்கள் பங்கு இரண்டாகப் பிரியும், அதைச் சூப்பர்வைசரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். வெளியானதும் ஆய்வு அலுவலகத்துக்கு பிடிஎஃப்பையும் கட்டுரையின் நிலையான அடையாளமான டிஓஐ எண்ணையும் அனுப்புங்கள். இந்த வருடம் வந்ததை அடுத்த வருடம்தான் துறைக்குக் கணக்குக் காட்டுவார்கள், ஆனால் தகவல் இப்போதே போய்விட வேண்டும்.

கேட்கீப்பர் கடிதம் வாங்கும்போது, முடிவுகளின் சுருக்கத்தைத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அதை மறந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் போதும். கோட்பாடு, அட்டவணை எதுவும் வேண்டாம். கிளவுட் பில்லிங்கை வைத்துக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள், விட்டவர்கள் ஏன் விட்டார்கள். அந்தத் தங்கை சாட்ஸ்வர்த்தில் கடைகடையாக ஏறி அதைக் கொடுத்துவிட்டு வந்தார். பில் புத்தகத் தாளில் கடிதம் தந்த முதலாளி மட்டும் நின்று முழுதாகப் படித்துவிட்டு, “சரி, இன்வெர்ட்டர் வாங்கினால் வருமா வராதா, அதைச் சொல்லு” என்றாராம். அந்தத் தங்கையின் இரண்டாவது கட்டுரை இப்போது அதைப் பற்றித்தான்.